வாலிநோக்கத்துக்கு வண்டி வருமா? இராமநாதபுரம் வாடகைக் கார்களைப் பற்றி ஒரு மதிப்பீடு

இராமநாதபுரம் ரயில் நிலையத்தில் இறங்கி அரண்மனைப் பக்கமோ கேணிக்கரைக்கோ பாரதி நகருக்கோ போகிறவர்கள் இந்த மதிப்பீட்டைப் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு எந்த நேரத்திலும் வண்டி கிடைக்கும். கொஞ்சம் பேரம் பேசத் தெரிந்திருந்தால் போதும். நான் எழுதுவது கடலோரமாகத் தெற்கே போகிறவர்களுக்காக. எனக்கு வேலை சென்னையில், வீடு வாலிநோக்கத்தில். கீழக்கரையையும் ஏர்வாடியையும் தாண்டி, நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிற ஊர். நான்கு ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது, பெரும்பாலும் விடிவதற்கு நெடுநேரம் முன்பு, சில சமயம் இரவில், ரயிலடி வாசலில் நின்று வண்டி தேடியிருக்கிறேன். அந்தத் தேடலில் நான் பயன்படுத்தியவை மூன்று: செயலியும் தொலைபேசி எண்ணும் வைத்து நடத்தும் ஒரு கால் டாக்சி நிறுவனம், ரயிலடியில் முறை வைத்து நிற்கும் கார்களும் ஆட்டோக்களும், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஓட்டும் சொந்த வண்டி. முதலாவதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே குறை வேறு பெயரோடு வேறு நிறுவனங்களிலும் இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பதால், பெயர் சொல்வதால் படிப்பவருக்குப் பெரிய பயன் இருக்காது.

சென்ற ஐப்பசியில் உம்மாவுக்கு மதுரையில் கண்புரை அறுவை செய்து, மறுநாள் மாலை ரயிலில் அழைத்து வந்தேன். இராமநாதபுரத்தில் இறங்கும்போது இரவு மணி எட்டரையைத் தாண்டியிருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது, எங்கள் ஊருக்கான கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஒரு கண்ணில் கட்டுடன் இருந்த உம்மாவை நடைமேடை இருக்கையில் உட்கார வைத்துவிட்டுச் செயலியைத் திறந்தேன். 940 ரூபாய் என்று காட்டியது, ஒப்புக்கொண்டேன், அரை நிமிடத்தில் ஓட்டுநர் ஒருவரும் ஒதுக்கப்பட்டார். உடனே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "எங்கண்ணே டிராப்பு?" என்றார். சொன்னேன். மறுமொழி ஏதுமின்றி இணைப்பு துண்டிக்கப்பட்டது, பயணமும் ரத்தானது. இரண்டாவது ஓட்டுநர் கொஞ்சம் மரியாதைப்பட்டவர்: "கீழக்கரைன்னா வரேண்ணே, அதுக்கு அங்கிட்டுன்னா முடியாது." மூன்றாமவர் அழைக்கவே இல்லை. வரைபடத்தில் அவருடைய கார் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. இருபது நிமிடம் பார்த்துவிட்டு நானே அழைத்தேன். "நீங்களே கேன்சல் பண்ணிருங்கண்ணே" என்றார், ஏதோ எனக்கு உதவி செய்கிற குரலில்.

அந்தக் குரலின் பொருள் பிறகுதான் புரிந்தது. செயலி வழி இயங்கும் டாக்சி நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, 2025-இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. ஒப்புக்கொண்ட பயணத்தைத் தக்க காரணமின்றி ரத்து செய்பவரிடம் கட்டணத்தில் பத்து விழுக்காடு, அதிகம் போனால் 100 ரூபாய், பிடித்தம் செய்யலாம் என்று அவை சொல்கின்றன. ஓட்டுநர் ரத்து செய்தால் அவருக்கு, பயணி ரத்து செய்தால் பயணிக்கு. ஆகவே இருவரில் யாருடைய பொறுமை முதலில் தீர்கிறது என்பதே விளையாட்டு. காருக்குள் மழை படாமல் உட்கார்ந்திருப்பவருக்கும், அறுவை முடிந்த தாயோடு ரயிலடியில் நிற்பவனுக்கும் இடையில் அந்த விளையாட்டில் யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தபோது, "உங்கள் பகுதியில் தற்போது வாகனங்கள் இல்லை" என்றது ஒரு பதிவுசெய்த குரல். அதே நிறுவனத்தின் ஒட்டுவில்லையோடு இரண்டு கார்கள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு ரயிலடிக் கார்களிடம் போனேன். அங்கேயும் மறுப்புதான், ஆனால் அது முகத்துக்கு நேரான மறுப்பு, காரணத்தோடு வந்த மறுப்பு. "இந்நேரத்துக்கு வாலிநோக்கம் வந்தா வெறும் வண்டியாத்தாண்ணே திரும்பணும்" என்றார் ஒருவர். இன்னொருவர் 1,600 கேட்டார். அதுவும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு வரைதான் வருவேன், உள்ளே வர மாட்டேன் என்றார். விலக்கிலிருந்து உள்ளே போகும் சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலம்; மழைக்காலத்தில் சாலையின் காய்ந்த இடமெல்லாம் மாடுகள் படுத்திருக்கும்; விளக்கு கிடையாது. ஒரு மாட்டின் மேல் முட்டினால் முகப்புக்கு ஆகும் செலவு அந்த மாத வருமானத்தை விழுங்கிவிடும் என்று அவர் சொன்னதை நான் மறுக்க முடியவில்லை. நான் மன்றாடியதால் அல்ல, உம்மாவின் கண்கட்டைப் பார்த்ததால், இளவயது ஓட்டுநர் ஒருவர் முன்வந்தார். "பெரிம்மாவ ஏத்துங்கண்ணே, போகயில பேசிக்கலாம்" என்றார். 1,400 கொடுத்தேன். வீட்டு வாசல் வரை வந்தார்.

அந்தப் பயணத்தில் அவர் போட்டுக் காட்டிய கணக்குதான் இந்தச் சேவையைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது. போகவர எண்பது கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு நாலரை லிட்டர் டீசல். இன்றைய விலையில் 400 ரூபாய்க்கு மேல். செயலி காட்டிய 940 ரூபாயில் நிறுவனத்தின் பங்கைக் கழித்து, டீசலையும் கழித்து, கார்க் கடனின் மாதத் தவணையில் ஒரு நாளைய பங்கையும் எடுத்து வைத்தால், இரண்டரை மணி நேர இரவு ஓட்டத்துக்கு அவர் கையில் நிற்பது நகரத்துக்குள் இரண்டு சின்னச் சவாரியில் கிடைப்பதைவிடக் குறைவு. மேலே சொன்ன நெறிமுறைகளோ, பயணி ஏறும் இடத்திலிருந்து இறங்கும் இடம் வரைக்கும்தான் கட்டணம் என்கின்றன. இறங்கிய இடத்திலேயே அடுத்த பயணி கை காட்டும் பெருநகரத்துக்கு அந்த விதி சரி. வாலிநோக்கத்தில் இரவு பத்து மணிக்குக் கை காட்டப் போகிறவர் யார்? உப்பளத்து ஆட்கள்கூட அந்நேரத்துக்கு வீடு திரும்பியிருப்பார்கள்.

தூரம் இதற்குக் காரணமில்லை என்பதை இராமேசுவரத்துக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கலாம், கவனித்திருக்க மாட்டார்கள். கோவிலைச் சுற்றி நிற்கும் ஆட்டோக்களும் கார்களும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தனுஷ்கோடியின் கடைசி முனையாக இருக்கும் அரிச்சல்முனைக்கு நம்மைக் கூவி அழைக்கின்றன. 2017-இல் அந்த முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடிதான் அவர்களுக்கு முதல் வருமானம். அதே ஓட்டுநரிடம், நான்கு கிலோமீட்டர்கூட இல்லாத ஓலைக்குடாவுக்குப் போக வேண்டும் என்று மாலை ஏழு மணிக்குக் கேட்டுப் பாருங்கள்; வேறு வண்டி பாருங்கள் என்பார். பாம்பனுக்குத் தெற்கே, 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய குந்துகாலுக்கும் இதே கதைதான்: நினைவிடம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் என்றால் வருவார்கள், பக்கத்தில் வீடு இருக்கிறவர் என்றால் யோசிப்பார்கள். அரிச்சல்முனைக்குப் போகிற பயணி அதே வண்டியில் திரும்பி வந்தே தீர வேண்டும்; அங்கே தங்க இடம் கிடையாது, பொழுது சாய்ந்தால் காவல்துறை இருக்கவும் விடாது. ஓலைக்குடாவுக்குப் போகிறவன் தன் வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்குப் போகிறவன்தான் இந்தத் தொழிலுக்கு ஆகாத பயணி.

அமாவாசையிலும் இது தெரியும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தேவிபட்டினத்து நவபாஷாணத்துக்கும் சேதுக்கரைக்கும் போக வண்டிகள் முந்தைய நாள் இரவிலிருந்தே வரிசை கட்டும். மறுநாள் சேதுக்கரைக்காரர் ஒருவர் தன் வீட்டுக்குப் போகக் கேட்டால் திருப்புல்லாணியோடு இறக்கிவிடுவார்கள். அதே சாலை, அதே மண், அதே ஓட்டுநர்.

இன்னொன்றும் நான் நேரில் கண்டது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு, இராமேசுவரம் போக வேண்டிய ரயில்கள் தீவுக்குள் போகாமல் மண்டபத்திலும் இராமநாதபுரத்திலும் நின்றுவிட்டன. இரண்டேகால் ஆண்டுக்கும் மேலாக, பின்னிரவு ரயிலில் வந்திறங்கிய வடநாட்டு யாத்திரிகர் கூட்டம் முழுவதும் எங்கள் ரயிலடி வாசலில் நின்றது. குடும்பமாக வருகிறவர்கள், மறுநாள் தீர்த்தமாடிவிட்டு மாலையில் அதே காரில் திரும்ப வேண்டியவர்கள். அந்தக் காலத்தில் வாலிநோக்கம் என்ற சொல்லை முடிப்பதற்குள் ஓட்டுநர் என்னைக் கடந்து பின்னால் நிற்பவரிடம் இந்தியில் பேசத் தொடங்கிவிடுவார். 2025 ஏப்ரல் 6-இல் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்டு ரயில்கள் மீண்டும் தீவுக்குப் போகத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் ரயிலோடு போய்விட்டது. அதன் பிறகு ரயிலடியில் என் மதிப்பு சற்றே உயர்ந்திருக்கிறது. முன்பு பார்க்காமலே தலையாட்டியவர்கள் இப்போது விலையாவது சொல்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவில், ஒப்பந்த வாகனத்தின், அதாவது வாடகைக் கார், ஆட்டோ போன்றவற்றின், ஓட்டுநரோ உரிமம் பெற்றவரோ விதிக்குப் புறம்பாகப் பயணியை ஏற்ற மறுத்தால் அபராதம் என்று தெளிவாக இருக்கிறது. காருக்கு முன்பு 200 ரூபாய் வரை என்றிருந்ததை 2019 திருத்தத்தில் 500 ரூபாய் வரை என்று ஆக்கினார்கள். ஆட்டோவுக்கு 1988-இல் எழுதிய 50 ரூபாயை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுத்துவிட்டு 50 ரூபாய் கட்டுவதே ஓலைக்குடா வரை ஓட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவதைவிட மலிவு. நானும் ஒரு முறை கார் எண்ணையும் நேரத்தையும் குறித்துப் புகார் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குப் பின் எதுவும் வரவில்லை. புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது அன்றிரவு யாரையும் வீட்டில் சேர்க்காது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

இது நம் ஊரின் நோய் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இரவில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே வர மாட்டேன் என்று சொல்லும் டாக்சி ஓட்டுநர் லண்டனில் பழைய கேலிப்பொருள். அந்த ஊரில் கறுப்பு டாக்சிக்காரர் ஸ்டாண்டில் நின்று சவாரியை எடுத்தால், 12 மைல் வரையிலோ ஒரு மணி நேரம் வரையிலோ ஆகும் பயணத்தைத் தக்க காரணமின்றி மறுக்க முடியாது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து என்றால் 20 மைல். அதற்கு மேல் போவது அவர் விருப்பம், கட்டணத்தையும் பேசிக்கொள்ளலாம். இந்த விதியை எடுத்து எங்கள் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 12 மைல் என்பது பத்தொன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேவிபட்டினம் உள்ளே வரும். கீழக்கரை உள்ளே வரும். ஏர்வாடியும் வாலிநோக்கமும் வெளியே நிற்கும். அந்த விதியிலும் நான் பேரம்தான் பேச வேண்டும். ஆனால் பேரம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். "கீழக்கரைன்னா வரேன், அங்கிட்டு முடியாது" என்ற அந்த இரண்டாவது ஓட்டுநர், தான் அறியாமலே லண்டன் விதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

செயலி நிறுவனத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. நகரத்துக்குள் அது ஒழுங்காக ஓடுகிறது என்பதால் அந்த ஒன்று. ஓட்டுநர்கள் மறுப்பதற்காக நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவர்கள் நிலையில் நானும் மறுத்திருப்பேன். கீழக்கரைக்கு அப்பால் எவரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, வருவார்கள் என்று ஒரு தொகையைக் காட்டி என்னிடம் ஒப்புதல் வாங்குவதற்காகக் குறைத்திருக்கிறேன். 940 ரூபாய் என்பது விலையே அல்ல, யாரும் விற்காத பொருளின் மேல் ஒட்டிய சீட்டு. திரும்பும் தூரத்துக்கும் சேர்த்து 1,400 என்று அதே திரையில் காட்டியிருந்தால் நான் முதல் நிமிடத்திலேயே சரி என்று அழுத்தியிருப்பேன். வெளியூர்ப் பயணங்களுக்கு ஓட்டுநர் பேட்டாவையும் குறைந்தபட்சக் கிலோமீட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுவதைப் பல நிறுவனங்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன. நாற்பது கிலோமீட்டரை வெளியூராகவும் ஒப்புக்கொள்ளாமல் உள்ளூராகவும் நடத்தாமல் நடுவில் விட்டிருப்பதுதான் சிக்கல்.

ரயிலடிக் கார்களுக்கு ஐந்துக்கு மூன்று. விலை ஆளுக்கு ஆள் மாறுகிறது. சலவைச் சட்டையைப் பார்த்தால் 200 ரூபாய் கூடுகிறது. முறைக்காரரைத் தாண்டி அடுத்த காரிடம் பேசினால் சண்டை வருகிறது. ஆனாலும் மறுப்பதை மறுப்பாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் "வாலிநோக்கம் வருமா?" என்று தொடங்காதீர்கள், "திரும்புறதுக்கும் சேத்து என்ன கேக்குறீங்க?" என்று தொடங்குங்கள். பேச்சின் போக்கே மாறிவிடும். வீட்டு வாசல் வரை என்பதையும் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விலக்கில் இறங்கி நடக்க நேரும்.

எங்கள் ஊர்க்காரருக்கு நான்கு கொடுப்பேன். பழைய மாருதி ஆம்னி, குளிர்சாதனம் இல்லை, கடற்காற்று உப்பு கதவோரத்தைத் தின்றிருக்கிறது, நடுக் கதவை வெளியிலிருந்து ஒருவர் இழுத்தால்தான் திறக்கும். அவர் மறுத்ததே இல்லை, ஏனென்றால் எனக்கு வீட்டுக்குப் போகும் வழி அவருக்கும் வீட்டுக்குப் போகும் வழி. சென்னைக்கோ மதுரைக்கோ ரயில் ஏறப் போகிறவர்களை ஊரிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு, வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிற மாதிரி நேரத்தைப் பின்னிக்கொள்கிறார். அப்படி அமைந்த நாளில் 900-க்குக்கூட வந்திருக்கிறார். ஊரில் ஒரு கல்யாணம் என்றால் மட்டும் வண்டி கிடைக்காது. உம்மாவை அழைத்து வந்த அந்த இரவிலும் ஒரு கல்யாணம்தான்.

அன்று எங்களைக் கொண்டுவந்து விட்ட இளைஞரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த முறை அழைத்தபோது, "என்னைக்குண்ணே வாரீக?" என்றுதான் முதலில் கேட்டார், எங்கே என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை என்றேன். அப்படியானால் 1,100 போதும் என்றார். காரணம் கேட்டேன். வியாழன் இரவு ஏர்வாடி தர்காவில் தங்குகிறவர்கள் பஜ்ரு என்னும் விடிகாலைத் தொழுகை முடிந்து ரயிலடிக்குத் திரும்ப வண்டி தேடுவார்களாம். எங்கள் ஊரிலிருந்து ஏர்வாடி வரையிலான பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் அவருக்கு வெறும் ஓட்டம், அதற்கு மேல் சவாரி உறுதி. நான்கு ஆண்டுகளாக அந்தத் தர்கா வாசலைக் கடந்துதான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே விடிய விடிய நிற்கும் கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். இப்போது சென்னையிலிருந்து வியாழக்கிழமை மாலை ரயிலுக்குத்தான் முன்பதிவு செய்கிறேன். இதுவரை ஐந்து வெள்ளிக்கிழமைகள் ஆகியிருக்கின்றன. ஒரு முறைகூட விலக்கில் இறங்க வேண்டியிருக்கவில்லை.